மௌனப் பிழைகள்: பொதுச் சேவையகக் கோவைகளின் சிதைவும் அதன் மூலத்தைத் தேடிய வரலாறும்

வரலாற்று மாணவன் ஓர் ஆவணத்தைக் கையிலெடுக்கும்போது முதற்கண் எழுப்ப வேண்டிய வினா, அது கூறுவது மெய்யா என்பதன்று. எழுதப்பட்டவாறே அது நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளதா என்பதேயாகும். போலி ஆவணம் புனைந்தவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும். பிரதி செய்தவனுக்கு ஒரு பழக்கம் இருக்கும். இவ்விரண்டையும் துணையாகக் கொண்டே ஆவணத் திறனாய்வு வளர்ந்தது. உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீனின் கொடைப் பத்திரம் எனப்பட்டதை 1440இல் லொறென்சோ வல்லா போலியென நிறுவியபோது, அதன் இலத்தீன் மொழி பிற்காலத்தது என்பதே அவர் கையிலிருந்த வலிய சான்று. நோக்கமுடையவன் தன் காலத்தின் சுவட்டை விட்டுச் செல்வான் என்பது அம்முறையின் அடிப்படை.

ஆனால், நம் காலத்தின் ஆவணங்கள் பெரும்பாலும் கணனிகளிலே, அதுவும் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுச் சேவையகங்களிலே கிடக்கின்றன. அங்கே நிகழும் சிதைவுக்கு நோக்கமும் இல்லை. களைத்த கையும் இல்லை. கோவையின் பெயர் மாறுவதில்லை, திகதி மாறுவதில்லை, பருமனும் பல வேளைகளில் மாறுவதில்லை. உள்ளே ஓர் இலக்கம் மட்டும் வேறாகியிருக்கும். பொறி எவ்வித முறைப்பாடும் செய்யாது கோவையைத் திறந்து கொடுக்கும். பொறியியலாளர் இதனை மௌனச் சிதைவு என்பர். பொதுச் சேவையகத்தில் இதன் தீமை இருமடங்காகும். ஒரே பிரதியை அனைவரும் நம்பியிருப்பதால் பழுதும் அனைவருக்கும் பொதுவாகின்றது. அன்றியும், இரவுதோறும் எடுக்கப்படும் காப்புப் பிரதிகள் பழுதான கோவையையும் அதே பணிவுடன் பிரதி செய்துகொள்ளும். பழுது பல மாதங்கழித்துக் கண்டறியப்படுமாயின், நல்ல பிரதி எதுவும் எஞ்சியிராமற் போதலும் கூடும்.

இத்தகைய பிழைகளைத் தேடியவர்களின் வரலாறு ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுக்காலத்தது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. காவல் போடப்பட்ட இடங்களைப் பொறியியலாளர் பன்முறை சோதித்தனர். பிழையோ காவல் வேண்டியதில்லை என்று விடப்பட்ட இடத்திலேயே குடியிருந்தது.

தொடக்ககாலப் பொறிகள் ஒரு வகையில் நேர்மையானவை. 1940களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் மின்காந்த ஆளிகளால் இயங்கிய கணிப்பொறியொன்றை ரிச்சட் ஹமிங் என்னும் கணிதவியலாளர் வார இறுதிகளிற் பயன்படுத்தி வந்தார். அப்பொறியில் ஓர் இலக்கத்தைக் குறிக்க ஏழு ஆளிகளுள் இரண்டு மட்டுமே மூடியிருத்தல் வேண்டும். மூன்று மூடினாலோ ஒன்றே மூடினாலோ பிழையென்பது பொறிக்குத் தெரிந்துவிடும். வாரநாட்களில் இயக்குநர் வந்து திருத்துவார். வார இறுதியில் ஆளில்லாமையால் பொறி அந்த வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடும். அடுத்தடுத்து இரு வார இறுதிகளில் தம் கணிப்புகள் யாவும் கைவிடப்பட்டிருக்கக் கண்ட ஹமிங், பிழை உண்டென அறியவல்ல பொறி அது எங்குள்ளது என்று ஏன் அறிதல் கூடாது எனச் சினத்துடன் சிந்தித்தார். அச்சினத்தின் விளைவே 1950இல் பெல் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப ஆய்விதழில் வெளிவந்த பிழைதிருத்தும் குறிமுறை. நான்கு பிற்றுகளுடன் மூன்று காவற் பிற்றுகளைச் சேர்த்தால், ஏழனுள் எந்த ஒன்று மாறினும் அதன் இடத்தைக் கண்டு திருத்தலாம். பிற்று என்பது பூச்சியம் அல்லது ஒன்று என்னும் மிகச் சிறிய அலகு; எட்டுப் பிற்றுகள் கொண்டது ஒரு பைற்று. ஹமிங்கின் பொறி தன் பிழையைத் தானே அறிவித்தது என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். பின்வந்த பொறிகள் அவ்வாறு செய்யவில்லை.

1970களில் கணனியின் நினைவகம் சிறு சிலிக்கன் சில்லுகளுக்கு மாறியது. ஒவ்வொரு பிற்றும் நுண்ணிய மின்னேற்றமாக வைக்கப்பட்டது. அக்காலத்தில் இன்ரெல் நிறுவனத்தின் சில்லுகளிலே பிற்றுகள் காரணமின்றித் தலைகீழாவதாகத் தெரியவந்தது. அதே சில்லை மீண்டும் சோதித்தால் பழுதொன்றும் காணப்படாது. மின்வழங்கலில் ஏற்படும் குழப்பம், சுற்றில் எழும் இரைச்சல் போன்ற வழக்கமான ஐயங்கள் எழுவது இயல்பே. 1978இல் திமொதி மேய், மரே வூட்ஸ் என்னும் இருவர் உண்மைக் காரணத்தை வெளியிட்டனர். சில்லைப் பாதுகாக்கவென அதனைச் சூழ அமைக்கப்பட்ட உறைப்பொருளிலே மிகச் சிற்றளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றினின்று வெளிப்பட்ட அல்பாத் துணிக்கைகள் சிலிக்கனூடு சென்று மின்னேற்றத்தைக் குலைத்தன. பாதுகாப்புக்கென இட்ட உறையே பகையாயிருந்தது. சில்லு கெடவில்லை, அதில் இருந்த செய்தி மட்டுமே கெட்டது. இதனாலேயே இவற்றை மென்பிழைகள் என்றழைத்தனர்.

இனி, கோவைகளின் வரலாற்றுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சியொன்றைச் சற்று விரிவாக நோக்குவாம். ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இது நிகழ்ந்தது. அந்நிறுவகத்தின் ஜெரோம் சோல்ற்சர், டேவிட் றீட், டேவிட் கிளாக் ஆகிய மூவர் 1981இல் பாரிசு மாநாடொன்றில் வாசித்து, 1984இல் விரித்து வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதனைச் சில வரிகளில் பதிவுசெய்துள்ளனர். அங்கே பல உள்ளக வலையமைப்புகள் இருந்தன. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செய்தியைக் கடத்த, இடையிடையே வாயிற்கணனிகள் வைக்கப்பட்டிருந்தன. கம்பிவழிச் செல்லும்போதே பிற்றுகள் கெடக்கூடும் என்று கருதியவர்கள், ஒவ்வொரு தாவலுக்கும் சரிபார்ப்புத் தொகையொன்றை ஏற்படுத்தியிருந்தனர். அனுப்பும் பொறி செய்திப் பொதியிலுள்ள எண்களைக் கொண்டு ஒரு தொகையைக் கணித்து உடனனுப்பும். பெறும் பொறி மீளக் கணித்து இரண்டையும் ஒப்பிடும். ஒவ்வாவிடின் பொதி நிராகரிக்கப்படும்.

இவ்வேற்பாட்டை அறிந்திருந்த செய்நிரலாளர், வலையமைப்பு நம்பத்தக்கது என்றெண்ணித் தாம் வேறு சோதனை எதுவும் செய்யாது விட்டனர். அவர்கள் எண்ணத்தில் தவறு யாது? கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே காவல் இருந்தது. ஆனால், வாயிற்கணனியின் உள்ளே பொதி வந்திறங்கும் இடத்திலிருந்து வெளியேறும் இடத்திற்கு மாற்றி எழுதப்படும் அந்தச் சிறு பொழுதில் காவல் எதுவும் இல்லை. வந்த பொதியின் முத்திரை சரிபார்க்கப்பட்டு உடைக்கப்பட்டது; உள்ளடக்கம் பெயர்த்தெழுதப்பட்டது; பெயர்த்தெழுதியதற்குப் புதிய முத்திரை இடப்பட்டது. பெயர்த்தெழுதுங்கால் பிழை நேர்ந்தால், பிழைபட்ட மடலுக்குக் குற்றமற்ற முத்திரை கிடைத்துவிடும். அடுத்த காவலன் முத்திரையைப் பார்த்துத் தலையசைத்து விடுவான்.

அவ்வாறே நேர்ந்தது. வாயிற்கணனிகளுள் ஒன்று, பெயர்த்தெழுதும்போது இடையிடையே ஒரு சோடி பைற்றுகளை முன்பின்னாக மாற்றத் தொடங்கியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பைற்றுகளுக்கு ஒரு மாற்றம். இது மிகச் சிறிதெனத் தோன்றும். ஐம்பதாயிரம் பைற்றுகள் கொண்ட கோவையொன்று அவ்வழியே ஒருமுறை சென்றால், அது பழுதாகும் வாய்ப்பு இருபதில் ஒன்றே. ஆயின் அங்கே பணிசெயல் முறைமையொன்றின் மூலநிரற் கோவைகள் திரும்பத் திரும்ப அவ்வழியே கொண்டு செல்லப்பட்டன. இருபது தடவை சென்றுவந்த கோவையில் ஒரு பிழையேனும் இருக்குமென எதிர்பார்ப்பதே முறை. அன்றியும், ஒருமுறை ஏறிய பிழை இறங்குவதில்லை. அடுத்த பயணத்தில் அது மூலமாகவே கொள்ளப்படும்.

மூலநிரலில் ஈரெழுத்து இடம்மாறுவதன் விளைவு எங்ஙனமிருக்கும் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். விளக்கக் குறிப்பொன்றில் மாறினால் எழுத்துப்பிழையெனக் கருதி எவரும் பொருட்படுத்தார். ஒரு பெயரில் மாறினால், அச்சொல்லை அறியேனென்று தொகுப்பி முறையிடும்; செய்நிரலாளர் தம் கையே தவறியதென எண்ணித் திருத்திக்கொள்வார். 12 என்பது 21 ஆனால் யாது நிகழும்? தொகுப்பி ஏற்றுக்கொள்ளும், செய்நிரல் ஓடும், விடை மட்டும் வேறாகும். இம்மூன்றாம் வகையே அஞ்சத்தக்கது.

இறுதியில் அக்கோவைகளின் உரிமையாளர் செய்தது என்ன? முன்னர் தாளில் அச்சிட்டு வைத்திருந்த பழைய நிரற்பட்டியல்களை எடுத்து, திரையில் உள்ளதுடன் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தினர். மனிதன் தன் கையால் ஒப்பிடுவதே முனைக்கு முனை செய்யப்படும் இறுதிச் சோதனை என்னும் பொருள்பட அம்மூவரும் சற்று நகைச்சுவையோடு எழுதியுள்ளனர். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிய நம் பதிப்பாசிரியர்க்கு அவ்வேலை புதிதாகத் தோன்றியிராது. அவர்களது கட்டுரையின் சாரமும் இதுவே: இடைவழியில் எத்தனை காவல் இருப்பினும், அனுப்பியவர் கோவையும் பெற்றவர் கோவையும் நேரே ஒப்பிடப்பட்டாலன்றி, கோவை செம்மையாகச் சேர்ந்தது என்று கூறவியலாது. இடைக்காவல் பயணத்தை விரைவாக்கலாம், உறுதியை அளிக்காது.

கட்டுரை பரவலாக வாசிக்கப்பட்டது; மேற்கோள் காட்டப்பட்டது. அதே ஆண்டுகளில் அதற்கு நேர்மாறான செயலும் நடைபெற்றது என்பது வியப்பன்று. சன் மைக்குறோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் வெளியிட்ட வலையமைப்புக் கோவை முறைமை, பொதுச் சேவையகத்திலுள்ள கோவையைத் தன் கணனியிலுள்ளதே போல எவரும் பயன்படுத்த வழிசெய்தது. அது தங்கியிருந்த செய்திக் கடத்தல் நெறியில், 1980இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, சரிபார்ப்புத் தொகை கட்டாயமன்று. தொகையைக் கணிக்க நேரம் செலவாகின்றது என்பதனால் கணனி உற்பத்தியாளர் சிலர் அதனை நிறுத்தியே பொறிகளை விற்றனர். ஒரே கம்பியில் இணைந்த பொறிகளுக்கிடையே கம்பியின் காவல் போதுமென்பது அவர்கள் வாதம். பொறிகளுக்கிடையே வழிப்படுத்திகள் வந்து புகுந்தபோது அவ்வாதம் பொய்த்தது. தம்மூடு செல்லும் பொதிகளிற் பிற்றுகளை மாற்றிவிடும் பழுதான வழிப்படுத்திகளும் இருந்தன என்பதை வலையமைப்பு நூலாசிரியரான றிச்சட் ஸ்ரீவன்ஸ் 1994இல் எடுத்துக்காட்டினார். விரைவுக்காகக் காவலனை வீட்டுக்கு அனுப்பிய இச்செயலைப் பேராசை என்பதா, மறதி என்பதா?

யொனதன் ஸ்ரோன், கிறெய்க் பாற்றிட்ஜ் ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வையத்தை எண்ணால் அளந்தது. கம்பிவழிக் காவல் செம்மையாக இயங்குமெனில், அதற்கு மேலுள்ள சரிபார்ப்பிற் பொதியொன்று தவறுவது நானூறு கோடிக்கு ஒன்றென்னும் அளவில் அரிதாயிருத்தல் வேண்டும். அவர்கள் கண்டதோ 1,100க்கு ஒன்று தொடக்கம் 32,000க்கு ஒன்று வரை. பொதிகள் கம்பியிற் கெடவில்லை. கணனிகளின் உள்ளும் வழிப்படுத்திகளின் நினைவகத்தினுள்ளும், செய்நிரல்களின் வழுக்களாலும் கெட்டன. மசாசூசெற்ஸ் வாயிற்கணனி தனியொரு விபத்தன்று என்பது இதனால் வெளிப்பட்டது.

இதுவரை கூறியவை கோவை பயணஞ் செய்யும்போது நேர்ந்தவை. ஓரிடத்தே கிடக்கும் கோவை கெடாதா? ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையமான சேர்ண், தன் பெருந் துணிக்கை மோதுவி 2008இல் தொடங்குவதற்கு முன்னர் இவ்வினாவை எழுப்பியது நன்று. பெருந்தொகையான தரவுகள் வந்து குவியவிருந்தன. அவற்றுள் ஓர் அரிய நிகழ்ச்சி தென்பட்டால், அஃது இயற்கையின் நிகழ்ச்சியா வட்டின் நிகழ்ச்சியா என்ற ஐயம் எழலாகாது. பேண்ட் பன்சர் ஸ்ரைன்டெல் 2007இல் அளித்த அறிக்கை அச்சோதனைகளை விவரிக்கின்றது. முறை மிக எளியது. குறித்த கோலத்தில் அமைந்த எண்களைக் கொண்டு ஏறத்தாழ இருநூறு கோடி பைற்றுகள் கொண்ட கோவையொன்றை எழுதி, மீண்டும் வாசித்து, எழுதியதுடன் ஒப்பிடுதல். இதனை 3,000க்கு மேற்பட்ட கணனிகளில் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை செய்தனர். ஐந்து வாரங்களில் 100 கணனிகளில் 500 பிழைகள் வெளிப்பட்டன. அவற்றுள் எதனையும் வட்டுகள் அறிவிக்கவில்லை.

இவ்வறிக்கையில் எம்மைப் பெரிதும் கவர்வது பிழைகளை வகுத்த விதமே. ஏறத்தாழப் பத்து வீதமானவை ஒரு பிற்று மாறிய பிழைகள்; இவை நினைவகத்தைச் சுட்டுவன. இன்னொரு பத்து வீதமானவற்றில், வட்டு எழுதும் மிகச் சிறு துண்டமளவோ நினைவகப் பக்கமளவோ தரவு கெட்டிருந்தது. எஞ்சிய எண்பது வீதமும் 64 கிலோபைற்று அளவான பெருந்துண்டங்கள். இத்தனை ஒழுங்கான அளவு தற்செயலாய் வாராது. தேடியபோது, வட்டின் உள்ளே அமைந்த செய்நிரலுக்கும் அதனை ஆளும் கட்டுப்படுத்திக்கும் இடையிலான ஒவ்வாமையே காரணமெனத் தெரிந்தது. வட்டுகளின் உட்செய்நிரலைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பிழையின் பருமன் பிழையின் ஊரைக் காட்டிக் கொடுத்தது. எழுத்தின் வடிவொப்புமையால் விளைந்த பிழையையும், வரியொன்றைக் கண் தாண்டியதால் விளைந்த பிழையையும் பாடத்திறனாய்வாளர் வேறுபிரித்தறிவது போன்றதே இது. பொதுச் சேவையகத்திற் கோவை கெட்டதென்று கேட்டவுடன், நச்சுநிரல் என்றும் பயன்படுத்தியவர் பிழையென்றும் முடிவுகட்டுவோர் பலர். கெட்ட கோவையையும் நல்ல பிரதியையும் அருகருகே வைத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எத்தனை பைற்றுகள், அவ்விடத்தில் இப்போது இருப்பது யாது என்று நோக்குவதே முதற்பணி. பூச்சியங்கள் நிறைந்திருந்தால் எழுதப்படாத இடமென ஐயுறலாம். மற்றொரு கோவையின் துண்டம் இருந்தால், வட்டு தவறிய இடத்தில் எழுதியதென ஐயுறலாம்.

சேர்ண் செய்த வேறொரு சோதனையில், முன்னரே சேமிக்கப்பட்டிருந்த 33,700 கோவைகளை மீள வாசித்துச் சரிபார்த்தபோது 22 கோவைகள் ஒவ்வாதிருந்தன. ஆயிரத்தைந்நூறு கோவைகளுக்கு ஒன்று எனலாம். சுருக்கி வைக்கப்பட்ட கோவையெனில் ஒரு பிற்று மாறினாலும் முழுவதும் வாசிக்கவியலாது போதல் பெரும்பான்மை. அப்போதாவது பிழை வாய் திறக்கின்றது. சுருக்காத கோவையில் அதுவும் இல்லை.

சன் நிறுவனத்தில் ஜெவ் பொன்விக், மத்தியூ ஆரன்ஸ் முதலியோர் 2001இல் தொடங்கி உருவாக்கிய ‘செட்.எவ்.எஸ்.’ என்னும் கோவை முறைமை இப்பட்டறிவுகளுக்கு ஒரு விடையாய் அமைந்தது; அதன் மூலநிரல் 2005இல் வெளியாயிற்று. ஒரு தரவுத் துண்டத்தின் சரிபார்ப்புத் தொகையை அத்துண்டத்துடன் வையாது, அது எங்குள்ளதெனச் சுட்டும் மேற்றுண்டத்தில் வைத்தனர். காரணம் நுட்பமானது. புதியதை எழுதினேன் என்று கூறி வட்டு எழுதாது விட்டுவிட்டதாகக் கொள்வோம். பழைய தரவும் அதனருகே பழைய தொகையும் ஒன்றோடொன்று இசைந்தே நிற்கும், சோதனை வெற்றிபெறும். தொகை வேறிடத்தில் இருந்தாற்றான் அந்த இசைவின் பொய்மை வெளிப்படும். ஒருவரது நன்னடத்தைக்கு அவரையே சாட்சியாய் அழைக்கலாகாது என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாய் அறிந்தது. வட்டுகளின் விடயத்தில் அதனை ஏற்கப் பலகாலம் சென்றது.

எனினும், சரிபார்ப்புத் தொகையைக் கணிப்பதும் ஒரு கணனியே. கணிக்கும் உறுப்பே தவறினால்? இவ்வினாவை நீண்டகாலம் எவரும் பெரிதாய்க் கொள்ளவில்லை. 2021இல் பேஸ்புக் நிறுவனத்தின் பொறியியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று அதனையும் எழுப்பியது. அங்கே சுருக்கிய கோவைகளை விரிக்கும் செய்நிரல், விரிக்குமுன் ஒவ்வொரு கோவையின் பருமனும் பூச்சியத்திலும் பெரிதா என்று சோதிக்கும். பூச்சியமெனில் வெற்றுக் கோவையெனக் கொண்டு விட்டுவிடும். சில கோவைகள், வெறுமையாயில்லாதவை, இவ்வாறு விடப்பட்டுக் காணாமற் போயின. பிழைச்செய்தி எதுவும் பதிவாகவில்லை. வட்டில் குறையில்லை, வலையமைப்பில் குறையில்லை, செய்நிரலிலும் குறையில்லை. ஆயிரக்கணக்கான பொறிகளுள் ஒரு பொறி, அப்பொறியின் செயலியிலுள்ள பல கருக்களுள் 59ஆம் இலக்கமுடைய ஒரு கரு, குறித்த சில எண்களைப் பெருக்கும்போது மட்டும் தவறியது. 1.1 என்பதை 52 தடவை தன்னால் பெருக்கினால் வரும் முழுவெண் 142. அக்கரு அதனைச் சரியாகவே கூறியது. 53 தடவை எனின் 156 வருதல் வேண்டும். அக்கரு பூச்சியம் என்றது.